கயிற்று வலி

வீரம்மா செத்துப்போனபோது மலையில் யாரும் அதைச் சாவென்று எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். வரிசையில் நின்றவள் தலையிலிருந்து கயிற்றைக் கழற்றிப் பையை இறக்கிவைத்தாள். "கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்று தேயிலைச் செடியோரமாக உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். பசி மயக்கம் என்று ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். இன்னொருத்தி உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தாள். லொறியில் தூக்கிப்போட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த டொக்டரய்யா கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், மாரடைப்பு என்றார்.

"மாரடைப்பா? அவளுக்கு மாருல வலியே இல்லீங்களே ஐயா" என்றாள் கூடப் போன பேச்சியம்மா. "கழுத்தும் தாடையும்தான் ஒரு வாரமா வலிக்குதுன்னா. அது கயித்து வலிங்க."

கயிற்று வலி என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கொழுந்துப் பை முதுகில் தொங்கும். அதன் கயிறு, நெற்றிக்குச் சற்று மேலே மடித்துப்போட்ட துணியின்மேல் கிடக்கும். பை நிறைய நிறையப் பாரமெல்லாம் கழுத்தில் இறங்கும். மழைக் கொழுந்தாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பின்கழுத்து, தோள், தாடை, சில நாளைக்கு இடது கை என்று அது இஷ்டப்பட்ட இடத்தில் வலிக்கும். அதை யாரும் வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு மேலுடம்பில் எங்கே வலித்தாலும் அது கயிறு செய்த வேலை, அவ்வளவுதான். எண்ணெயைச் சூடாக்கித் தேய்ப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் வெற்றிலையோடு புகையிலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு அடக்கிக்கொள்வார்கள். இந்த மலைகளில் எத்தனை பெண்களின் இருதயம் கயிற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றுபோனதோ, யார் கண்டது.

வீரம்மாவின் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவள் பவுலின். டிஸ்பென்சரி வாசலில் மற்றவர்களோடு நின்று அவளும் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவள் கை தன் தாடையைத் தடவிப் பார்த்தது. வீரம்மா சொன்ன அதே வலி, அதே தாடையில், சில வாரங்களாக அவளுக்கும் இருந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

பவுலின் ஐம்பதை நெருங்குகிறவள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல்பிரிவில், லயம் என்கிற வரிசை வீட்டின் கடைசிக் காம்பராவில் பிறந்து, அதே லயத்தின் நடுக் காம்பராவுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவன் ஞானரட்ணம் தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்கிறான். ஒரே மகள் ஷெரோமி ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். பவுலினுக்கு வேகமான கை. ஒல்லியான உடம்பு. மேட்டில் ஆடு ஏறுவதுபோல் ஏறுவாள். கங்காணி குரல் கொடுப்பதற்கு முன்னால் அவள் நிரையை முடித்துவிட்டு மற்றவர்களைக் கேலி செய்துகொண்டிருப்பாள்.

அவள் சாப்பாட்டைக் கேட்டால் அந்த லயத்தில் எல்லோருடைய சாப்பாட்டையும் கேட்ட மாதிரிதான். விடியற்காலையில் அடுப்பூதும்போதே ஒரு கோப்பைத் தேத்தண்ணி, அதில் கரண்டி நிற்கிற அளவுக்குச் சீனி. பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் கோதுமை மா ரொட்டியும் உறைப்பான தேங்காய்ச் சம்பலும். மத்தியானம் மிச்ச ரொட்டி. இரவில் சோறு சமைத்தால் தேங்காயெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த கருவாடு. உப்புக் கரிக்காத கறியை ஞானரட்ணம் தொடமாட்டான். நாள் முழுக்க மழையில் நனைந்து வேர்க்கிறவனுக்கும் வேர்க்கிறவளுக்கும் உப்பு வேண்டும் என்பது அவன் கட்சி. அந்தப் பக்கத்துச் சரிவுகளில் கேரட்டும் லீக்ஸும் கோவாவும் எனக் காய்கறி கொட்டிக் கிடக்கும். லயத்துக்குப் பின்னால் பவுலினே ஒரு துண்டு நிலத்தில் போட்டிருந்தாள். எல்லாம் மூட்டையாகி லொறியேறிக் கொழும்புக்குப் போகும். வீட்டுக்குள் வருவது கருவாடுதான். கண்ணெதிரே விளைகிறதைத் தின்னத் தெரியாத சனம் என்று யாராவது திட்டினால் கோபம் வரும், ஆனால் மறுத்துப் பேச முடியாது.

அப்புறம் வெற்றிலை. சமைந்த வருஷமே அவள் வாயில் வெற்றிலை ஏறிவிட்டது. குளிருக்கு ஒரு வாய், பசிக்கு ஒரு வாய், அட்டை கடித்தால் ஒரு வாய். புகையிலை இல்லாத வெற்றிலை அவளுக்குச் சப்பென்று இருக்கும். இடுப்பில் சொருகிய சுருக்குப் பை இல்லாமல் அவள் மலைக்குப் போன நாளே கிடையாது. குடிக்கிற ஆண்களைக் கண்டால் காறித் துப்புவாள், சுருட்டுப் பிடிக்கிற கிழவர்களை ஏசுவாள். தனக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

போன வருஷம் மருத்துவமாது ஒருத்தி லயத்துக்கு வந்து, உப்பைக் குறையுங்கள், சீனியைக் குறையுங்கள், பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள், இருதய நோய் கூடிக்கொண்டு வருகிறது என்று பேசினாள். பெண்கள் ஆளுக்கொரு மூலையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பவுலின்தான் முன்னால் வந்து வாயைத் திறந்தாள்.

"எங்களுக்கு எதுக்கு மிஸ்ஸி இதெல்லாம்? நாங்க என்னா கந்தோர்ல ஃபேன் போட்டுக்கிட்டா உக்காந்திருக்கோம்? நாங்க ஏறி எறங்குற மலைக்கு இருக்குற கொழுப்பெல்லாம் ஓடிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். வீரம்மாதான் ரொம்ப நேரம் சிரித்தாள். பிரஷர் பார்க்கிற கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே அந்தப் பெண் திரும்பிப் போனாள்.

வீரம்மாவைப் புதைத்த பிறகு பவுலின் தன் உடம்புக்குள்ளேயே ஒற்றுக் கேட்க ஆரம்பித்தாள். பெரட்டுக்களத்தில் நிற்கும்போது நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. முன்பும் இப்படித்தான் அடித்ததா, இல்லை இப்போதுதான் அடிக்கிறதா என்று தெரியவில்லை. ஏப்பம் வந்தால் பயம், வராவிட்டால் பயம். தண்ணீர் விழும் பீலியில் தனியாகக் குளிக்கப் பயந்து, பக்கத்துக் காம்பராப் பெண் வரும்வரை வாளியோடு காத்து நின்றாள். ஞானரட்ணம் ஸ்டோருக்குக் கிளம்பும்போது வாசல்வரை போய் அவன் முதுகு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி நின்றதில்லை. அவனுக்கே ஆச்சரியம்.

வலி விடவில்லை. நிரையின் அடியிலிருந்து மேலே ஏறும்போது தாடையின் இடது பக்கம் யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி வரும். தோளுக்கு இறங்கும். நின்றால் மெல்லக் கரையும். மறுபடி ஏறினால் மறுபடி வரும். கயிறுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தலைத்துணியை நாலாக மடித்துப் பார்த்தாள். கயிற்றைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். பையைப் பாதியிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். கங்காணி, "என்னா பவுலினு, கை மந்தமாப் போச்சு" என்றார். வலி கூடினால் புகையிலையைக் கூட்டினாள். புகையிலை ஏறியதும் நெஞ்சு இன்னும் படபடத்தது. அந்தப் படபடப்புக்குப் பயந்து இன்னொரு வாய் போட்டாள். நெருப்பை அணைக்கிறேன் என்று அவள் ஊற்றியது எண்ணெய் என்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை.

டிஸ்பென்சரிக்குப் போயிருக்கலாம். எட்டி நடந்தால் போய்விடுகிற தூரம்தான். ஒருநாள் வாசல்வரை போனாள். வீரம்மாவைக் கிடத்தியிருந்த பெஞ்சு கண்ணில் பட்டதும் திரும்பி வந்துவிட்டாள். டொக்டரய்யா வாயால் சொல்லாதவரைக்கும் அது கயிற்று வலி. அவர் சொல்லிவிட்டால் அப்புறம் அதை மாற்ற முடியாது. பயந்தவள் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. அதற்காக அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஷெரோமி லீவில் வந்திருந்தாள். மூவரும் பூசைக்குக் கிளம்பினார்கள். மாதா கோயில் மேட்டில் இருக்கிறது. வழி முழுக்க ஏற்றம். பவுலின் கையில் குடையும் செபப் புத்தகமும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. இன்றைக்குக் கயிறு இல்லை, இன்றைக்கு வலிக்காது என்று நினைத்தாள். ஷெரோமி கடைக் கதை ஏதோ சொல்லிக்கொண்டு வர, அவளும் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

சின்னப் பாலத்துக்கு மேலே வளைவில் திரும்பும்போது வலி வந்தது.

வந்த இடமும் மாறவில்லை, வந்த விதமும் மாறவில்லை. அதே தாடை, அதே பிடி. ஆனால் இந்தத் தடவை அது நெஞ்சின் நடுவில் ஒரு கல்லை வைத்துவிட்டுத் தோளுக்குப் போனது. பவுலினின் கை தன்னால் தலைக்குப் போனது, கயிற்றைத் தளர்த்த. அங்கே முக்காட்டுத் துணிதான் இருந்தது. பாதையோர மதகுக் கல்லில் உட்கார்ந்தாள். பனிக்காலையில் அவள் முகமெல்லாம் வேர்வை.

முன்னால் போன ஞானரட்ணம் திரும்பிப் பார்த்தான். "என்னா, உக்காந்துட்ட?"

"செருப்புக்குள்ள கல்லுங்க. நீங்க நடங்க, வர்றேன்."

கல்லை எடுப்பதுபோல் குனிந்துகொண்டாள். கயிறும் இல்லை, பையும் இல்லை, பாரமும் இல்லை. இனிமேல் எதன்மேல் பழியைப் போடுவது? வீரம்மா உட்கார்ந்த மாதிரியே தானும் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்ததும் பதறி எழுந்தாள். எழுந்தால் செத்துப்போவோமோ, உட்கார்ந்தால் செத்துப்போவோமோ என்று தெரியாமல் பாதி எழுந்தபடி மதகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூசைக்குப் போகிறவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். "தோத்திரம்க்கா" என்று ஒரு பெண் சொன்னாள். இவளும் தோத்திரம் சொன்னாள்.

பூசையில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. எல்லோரும் முழங்காலில் நின்றபோது அவளும் நின்றாள். மாதாவே, எனக்குக் கயித்து வலியவே குடு, எவ்வளவு வேணுமானாலும் குடு, சாகிறவரைக்கும் தூக்கிக்கிறேன், இது வேணாம் என்று கெஞ்சினாள். பக்கத்தில் நின்ற ஷெரோமி, அம்மாவின் விரல்கள் பெஞ்சின் விளிம்பை நகம் வெளுக்கப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். கோயிலை விட்டு வெளியே வந்ததும் தாயைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, செருப்புல கல்லு இல்ல. நான் பாத்தேன். என்னா செய்யுது, சொல்லுங்க."

பவுலின் சொன்னாள். தாடையையும் தோளையும் சொன்னாள், கடைசியாக நெஞ்சைச் சொன்னாள். ஷெரோமி அப்பாவைக் கூப்பிட்டு, வீட்டுக்கு இறங்கவே வேண்டாம் என்று அங்கேயே ஆட்டோ பிடித்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனதே அவளுக்குப் பாதி உயிரைப் போக்கிவிட்டது. நடக்கிறவளை ஏன் தள்ளுகிறார்கள்? நெஞ்சில் குளிரக் குளிர ஏதேதோ ஒட்டினார்கள். ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார்கள். இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் சின்ன வயதுச் சிங்களப் பெண். கேள்விகளைச் சிங்களத்தில் கேட்க, ஷெரோமி தமிழில் சொன்னாள்.

"சிகரெட், சுருட்டு ஏதும் குடிப்பீங்களான்னு கேக்குறாங்க."

"ச்சீ. என்னைப் பாத்தா அப்பிடியா தெரியுது?"

"சாராயம்?"

"கேக்காதேன்னு சொல்லு."

"பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?"

பவுலின் இல்லையென்று தலையாட்டினாள். குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா என்று டொக்டர் கேட்டாள். அதுவும் இல்லை என்றாள். அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் வேலை செய்துகொண்டிருந்தவர், திடீரென்று உட்கார்ந்தார், போய்விட்டார், காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள் என்றாள் பவுலின். அதை மகள் எப்படி மொழிபெயர்த்தாளோ, டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் பவுலினின் சிவந்த உதடும் கறைபிடித்த பல்லும் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொன்னாள்.

"துங்கொள?" என்றாள். புகையிலையா என்று கேட்கிறாள்.

"அது வெத்தலைக்குப் போடுறது" என்றாள் பவுலின். "எல்லாரும் போடுறதுதான."

ஒரு நாளைக்கு எத்தனை வாய் என்று கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. யார் அதை எண்ணினார்கள். டொக்டர் கோபப்படவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள். ஷெரோமி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பவுலினுக்குத் தன் வீட்டையே யாரோ பிரித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. புகையாக உள்ளே போனால் என்ன, வாய் வழியாகப் போனால் என்ன, புகையிலை இரத்தக் குழாயைத்தான் தேடிப் போகிறது. பிரஷர் பயங்கரமாக ஏறியிருக்கிறது, எத்தனை வருஷமாக ஏறியிருந்ததோ தெரியாது. அந்தக் கருவாட்டு உப்பு அங்கேதான் போயிருக்கிறது. மா, சீனி, பொரித்த எண்ணெய், காய்கறி இல்லாத சோறு. அப்பாவிடமிருந்து வந்ததும் இருக்கிறது.

"நான் மலை ஏறுறவ. ஒடம்புல ஒரு துண்டு கொழுப்பு இல்ல" என்றாள் பவுலின். அவளிடம் மிச்சமிருந்த ஒரே நியாயம் அதுதான்.

ஷெரோமி அதைச் சொல்லிவிட்டுப் பதிலைக் கேட்டாள்.

"மலை ஏறுனது நல்லதுதானாம். அதுனாலதான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கீங்களாம். ஆனா மெலிஞ்சவங்களுக்கும் குழாய் அடைக்குமாம். அது வெளியில தெரியாதாம்."

இருதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று கிட்டத்தட்ட அடைபட்டிருக்க வேண்டும் என்று டொக்டருக்குச் சந்தேகம். இன்றைக்கே ஆம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்ப வேண்டும். அங்கே மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்ப்பார்கள். அடைப்பிருந்தால் அங்கேயே திறந்துவிடுவார்கள். ஆபத்து கொஞ்சம் உண்டு. போகாவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து. பவுலின் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

வெளியே காத்திருந்த ஞானரட்ணத்தை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் முகம் செத்துவிட்டது.

"கண்டிக்கா? வேணாம். மாத்திரையக் குடுங்க, கூட்டிட்டுப் போறேன்." மகளிடம் திரும்பினான். "நம்ம லயத்துலேருந்து கண்டிக்குப் போன யாரு நடந்து வந்தா, சொல்லு பாப்போம். எல்லாரும் பொட்டியிலதான் வந்தாங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர்களெல்லாம் எண்ணெய் தேய்த்து, கசாயம் குடித்து, மந்திரித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு போனவர்கள். அதை யார் அவனுக்கு அந்த நேரத்தில் விளக்குவது. ஷெரோமி கெஞ்சிப் பார்த்தாள். டொக்டர் தெரிந்த தமிழில், "லேட் ஆகுது, அப்பா" என்றாள். ஆஸ்பத்திரி உடுப்பு மாட்டிவிட்டபோது கழற்றிய பவுலினின் சேலையை மடித்து வைத்திருந்த பையை அவன்த் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"எந்திரி பவுலினு. வீட்டுக்குப் போவோம். ஃபாதரக் கூப்பிட்டு செபம் வைப்போம்."

எழுந்து போய்விடலாம் என்றுதான் பவுலினுக்கும் இருந்தது. வீடு தெரிந்த இடம். கண்டியில் எந்த மேசையில் கிடத்துவார்கள், எந்த விளக்கின் கீழ், யார் கையில், ஒன்றும் தெரியாது. கால்களைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கினாள். இறக்கியவள் எழுந்திருக்காமல் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க" என்றாள். "வீட்டுக்கு வந்தா ரெண்டு நாள்ல நான் மலைக்குப் போயிருவேன். நீங்களும் ஒண்ணும் சொல்லமாட்டீங்க. நமக்கு அதுதான தெரியும். அங்கன ஏறுறப்ப எந்தச் செடிக்கிட்ட விழுவேன்னு பாத்துக்கிட்டே ஏறணும். என்னால முடியாதுங்க."

"அங்க போயி ஒனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" அவன் சண்டை பிடிக்கிற குரலில்தான் ஆரம்பித்தான். "ஆயிருச்சுன்னா நான் என்னா செய்வேன்? சொல்லு. நான் மட்டும் அந்தக் காம்பராவுல..." பையை முகத்தோடு வைத்து மறைத்துக்கொண்டான்.

இத்தனை நேரமும் அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவனும் அவளைப்போலவே நடுங்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறான். இரண்டு பேரும் வருஷக்கணக்கில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். பயப்படுகிறேன் என்று ஒருவருக்கொருவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றாள் பவுலின். "ரொம்பப் பயமா இருக்கு. நீங்க என்கூட வாங்க."

அவன் பையை இறக்காமலே தலையாட்டினான். டொக்டர் பேனாவை நீட்டினாள். பவுலின் வாங்கினாள். முதல் எழுத்தே கோணிக்கொண்டு போனது. அந்தக் கோணலோடேயே தன் முழுப் பெயரையும் எழுதி முடித்தாள்.